வருகையாளர் பதிவேடு

இறங்க வேண்டிய ஊர் இதுவல்ல என்று தெரிந்தும்
சிலிம் ரிவரில் இறங்கிவிட்டாள்.
முதுகில் பை. கழுத்தில்
நீலமும் மஞ்சளும் எனாமல் பூசிய வெள்ளி வட்டம்.
அடுத்த ரயில் நாலரைக்கு.
அதுவரை பார்க்க என்ன இருக்கிறது என்றாள்.

என் கார் புரோட்டோன் சாகா.
பெயருக்கேற்றபடி இன்னும் சாகவில்லை.
ஏர்கோன் இல்லை என்பதை
முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பெயர் கேட்டேன்.
"தமில்லா."
பிரேக்கில் கால் வைத்துவிட்டேன்.
மேடையில் மைக் பிடித்தவர்கள் தவிர
யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் மலையில் அது ஒரு புறாவாம்.
ஆலிவ் மரத்தில் உட்கார்ந்து
மத்தியானத்தை நீளமாக்குகிற புறா.

பார்க்க என்ன இருக்கிறது.
கோப்பிக்கடை. அடகுக்கடை. இரண்டு வெள்ளிக் கடை.
செம்பனை லோரி சிந்திப்போன பழங்கள்
சிவப்பாய் நசுங்கிக் கிடக்கும் சாலை.
அதையும் இறங்கிப் படமெடுத்தாள்.
பின்னால் ஹோர்ன் அடித்தவனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவள் நாட்டில் பாலைவன ஓரம்
ஐந்து குன்று, ஐந்து ஊர்.
உச்சியில் விரல் தூக்கியதுபோல் ஒரு கோபுரம்,
அதைச் சுற்றி வீடுகள் தேன்கூடாய்க் கீழிறங்கும்.
ஒருவன் சுவர் அடுத்தவன் வெயிலை
மறைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு.
அந்த ஐந்தில் ஒன்றில்
வெளியார் தனியாக நுழைய முடியாது,
ஊர்க்காரர் ஒருவர் கூட நடக்க வேண்டும்,
பொழுது சாய்ந்தால் வாசலுக்கு வெளியே.
"எனக்கும் அதே சட்டம்தான்" என்றாள்.
"என் மலை வடக்கே. அங்கே பனி விழும்."

பெர்பரா என்றேன்,
எப்போதோ டிவியில் காதில் விழுந்த சொல்.
கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.
"எங்கள் பேச்சு புரியாதவர்கள் வைத்த பெயர் அது."
எங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்றேன்.
"என்ன பெயர்?"
பச்சை விளக்கு விழுந்தது.
ஓட்டினேன்.

மழை பிடித்துக்கொண்டது.
ஆவி படிந்த கண்ணாடியில்
அவர்கள் எழுத்தில் ஒன்றை விரலால் எழுதினாள்.
மேலே இரண்டு கை, கீழே இரண்டு கால்,
நடுவே நெட்டுக்கு ஒரு கோடு.
தங்கள் மக்களின் அடையாளம் என்றாள்,
சுதந்திர மனிதன் என்றாள்.
எனக்கோ பெரட்டில் பெயர் கூப்பிட்டதும்
கை தூக்குகிற ஆளாகத் தெரிந்தது.
ஆனால் பெரட்டில்
ஒரு கைதானே தூக்குவார்கள்.

அபர்லின் தோட்டத்து வாசல். குறுக்கே கம்பி.
வெளியாருக்குத் தடை என்று
மூன்று மொழியில் பலகை,
தமிழில் மட்டும் எழுத்துப்பிழை.
நேப்பாளத்துக் காவலாளி தில் பிரசாத்
நீளப் புத்தகம் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினான்.
பெயர். ஐசி நம்பர். வண்டி எண். நேரம். நோக்கம்.

என் பிறப்புப் பத்திரத்தில்
பிறந்த இடம் என்று இந்தத் தோட்டம்தான் இருக்கிறது.
நாலாம் டிவிஷன், எட்டாம் லயம்.
இப்போது அந்த இடத்தில் உரக் கிடங்கு.
தில் பிரசாத் வந்து எட்டு மாதம்.
அவனிடம் கோபப்பட
என்னிடம் ஒன்றும் இல்லை.

"ஊர்க்காரர் ஒருவர் கூட வரவேண்டுமா?"
தமில்லா உண்மையாகத்தான் கேட்டாள்.
அவன் அவளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மழையைப் பார்த்தான்.

நோக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
மேலே இருந்த வரிகளில்
உரம், டீசல், உரம், அளவை, உரம்.
சுற்றுலா என்று எழுதினேன்.
தமிழில். பிழையில்லாமல்.

ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றான்.
நாலரைக்கே ரயில் என்றாள் அவள்.
கம்பி மேலே போனது.
கண்ணாடியில் அந்த மனிதன்
ஒரு பக்கமாக வழிந்து
ஒற்றைக் கையோடு நின்றான்.